காதங்கி ஆய்வகம் மழை சொல்வதில்லை, பிறகு என்ன செய்கிறது?

சித்தூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "திருப்பதி போகும் வழியில், காதங்கியில், மத்திய அரசின் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. கோடிக்கணக்கில் செலவு செய்கிறார்கள். கோடையில் சாயங்காலம் திடீரென்று சூறைக்காற்று அடித்து எங்கள் காயெல்லாம் கொட்டிப்போகிறது. அதைப் பற்றி ஒருநாளும் அங்கிருந்து தகவல் வந்ததில்லை. அப்படியென்றால் அந்த இடம் எதற்கு? என் மகள் வேலூரில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். அவளுக்கு அங்கே வழி உண்டா?"

இந்த எல்லைப் பக்கத்துக் கல்லூரிகளில் இயற்பியல் நடத்தியவன் நான். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அந்த வளாகத்துக்குப் போனதும் உண்டு. கேள்வி நியாயமானது. வரி கட்டுகிறவர் கேட்கத்தான் வேண்டும். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். மழை வருமா, புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று சொல்வது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வேலை. 1875இல் தொடங்கிய துறை அது, இன்று புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. காதங்கி ஆய்வகம் விண்வெளித் துறையைச் சேர்ந்தது. அங்கே கேட்கப்படும் கேள்வி வேறு. நம் தலைக்கு மேல் தரையிலிருந்து நூறு கிலோமீட்டர் வரைக்கும் அதற்கு மேலும் காற்று எப்படி நடந்துகொள்கிறது, ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் அது. நாளைய வானிலையைச் சொல்ல வேண்டும் என்ற அவசரம் இல்லாமல், உண்மையைத் தெரிந்துகொள்வதற்காகவே அளக்கிற இடம். அடிப்படை ஆராய்ச்சி என்று சொல்வது இதைத்தான்.

சாலையிலிருந்து பார்த்தால் அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாது. உள்ளே போனால் முதலில் கண்ணில் படுவது ஒரு ஆன்டெனாக் காடு. ஒரு பக்கம் 130 மீட்டர், இன்னொரு பக்கமும் 130 மீட்டர், உங்கள் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 4 ஏக்கர். அதில் வரிசைக்கு 32 வீதம் 32 வரிசை, மொத்தம் 1,024 இடங்களில் ஆன்டெனாக்கள் வானத்தைப் பார்த்தபடி நட்டிருக்கும். ஒரு காலத்தில் தூர்தர்ஷன் பார்க்க மொட்டை மாடியில் கட்டினோமே, அதே யாகி வகைதான். அங்கே அது படுக்கையாக ஒரு பக்கம் பார்த்திருக்கும், இங்கே நிமிர்ந்து நிற்கிறது. எதுவும் சுழலாது, அசையாது. ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் போகும் அலையைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளிவிடுவதன் மூலம் மொத்தக் கற்றையையும் கிழக்கே, மேற்கே, வடக்கே, தெற்கே சாய்ப்பார்கள். இதற்குப் பெயர் எம்.எஸ்.டி. ரேடார். இடையடுக்கு, மீள் அடுக்கு, கீழடுக்கு என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த மூன்று அடுக்குகளையும் பார்ப்பதால் அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளே பெயராகிவிட்டன.

தொடக்கத்தில் 32 பெரிய டிரான்ஸ்மிட்டர்கள் இதை இயக்கின. உச்சத் திறன் மொத்தம் 2.5 மெகாவாட். பிறகு அவற்றை எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் 1 கிலோவாட் சிறு மாட்யூல் ஒன்று என 1,024 மாட்யூல்களாக மாற்றினார்கள். தொடக்க ரேடாரை வடிவமைத்துக் கட்டியது மும்பையைச் சேர்ந்த சமீர் என்ற அரசு நிறுவனம்.

இனி அது என்ன பார்க்கிறது என்று சொல்கிறேன். சென்னைத் துறைமுகத்தில் இருக்கும் வானிலை ரேடார் மழைத்துளியைப் பார்க்கிறது. துளி இல்லாத வெறும் காற்று அதற்குப் பெரும்பாலும் தெரியாது. காதங்கி ரேடார் வெறும் காற்றையே பார்க்கும். காற்றில் எப்போதும் சின்னச் சின்னக் கொந்தளிப்புகள் உண்டு. அங்கங்கே வெப்பமும் ஈரமும் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். இந்த ரேடாரின் அலைநீளம் 5.66 மீட்டர். அதில் பாதி, அதாவது சுமார் 2.8 மீட்டர் அளவிலான கொந்தளிப்பில் பட்டு அலையின் மிக மிகச் சிறு பங்கு திரும்பி வரும். எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்பதிலிருந்து உயரம் தெரியும். 15 கிலோமீட்டரிலிருந்து வரும் எதிரொலிக்கு ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும். மேகமே இல்லாத வானத்திலும் இது முடியும் என்பதை 1974இல் பெரு நாட்டின் ஹிகாமார்க்கா ரேடாரை வைத்து உட்மனும் கியேனும் காட்டினார்கள்.

உயரம் கிடைத்தது சரி, வேகம்? ரயில் நெருங்கும்போது ஹார்ன் சத்தம் கூர்மையாவது போல என்று வகுப்பில் சொல்வோமே, அந்த டாப்ளர் விளைவுதான். ஆனால் இங்கே அளவு எவ்வளவு நுட்பம் என்று பாருங்கள். ரேடார் அனுப்புவது 53 மெகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 5 கோடியே 30 லட்சம் அதிர்வுகள். மேலே காற்று வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகர்ந்தால், திரும்பி வரும் அலையில் ஏற்படும் மாற்றம் ஓர் அதிர்வுகூட இல்லை, மூன்றில் ஒரு பங்கு அதிர்வுதான். வினாடிக்கு 10 சென்டிமீட்டர் என்றால் அதிலும் பத்தில் ஒன்று. அதனால் ஒரு துடிப்பை அனுப்பிவிட்டுப் பதில் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான துடிப்புகளை அனுப்பி, பல வினாடிகள் சேர்த்துவைத்து, கலந்திருக்கும் அதிர்வுகளைத் தனித்தனியாக்கும் ஃபூரியே கணக்குப் போட்டுப் பிரித்தெடுக்க வேண்டும். முதல் தடவை திரையில் அந்த வரைபடத்தைப் பார்த்த என் மாணவர்களுக்கு அது வெறும் கிறுக்கலாகத்தான் தெரிந்தது. அங்கிருந்த விஞ்ஞானி ஒருவர் பக்கத்தில் நின்று, இந்த முகடு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது பாருங்கள், இங்கே காற்று ஏறுகிறது, அதற்கு மேலே இறங்குகிறது என்று காட்டிய பிறகு யாரும் நகரவில்லை. தலைக்கு மேலே நேர்க்கோட்டில் காற்று ஏறுவதையும் இறங்குவதையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஏற்ற இறக்கம்தான் விஷயம். காற்று பக்கவாட்டில் வீசுவதை அளக்கப் பல வழிகள் உண்டு. செங்குத்தாக ஏறுவதை அளப்பதுதான் கஷ்டம். வானிலைப் பலூனை விட்டால் அதுவே வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஏறுகிறது. அதில் சில சென்டிமீட்டர் காற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சில சென்டிமீட்டர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வினாடிக்கு வெறும் 2 சென்டிமீட்டர் ஏறும் காற்று ஒரு நாளில் 1,700 மீட்டருக்கு மேல் ஏறிவிடும். ஏறினால் குளிரும், குளிர்ந்தால் மேகம். இறங்கினால் வானம் வெளுக்கும். அதுவே இடிமேகத்துக்குள் என்றால் வினாடிக்கு 10 மீட்டருக்கும் மேல் போகும். உங்கள் தோப்பில் காயைக் கொட்டுகிற சாயங்காலச் சூறைக்காற்று, இப்படி ஏறிய காற்று மழையோடு சேர்ந்து திரும்பி விழுந்து தரையில் மோதிப் பரவுவதுதான். மேகத்துக்குள் விழும் துளியையும் அதே நேரம் ஏறும் காற்றையும் தனித்தனியாகக் காட்டும் திறன் இந்த வகை ரேடாருக்கு உண்டு.

"சரி, அதை அளந்து எனக்கு என்ன?" என்று கேட்பீர்கள். இன்றைய முன்னறிவிப்பு முழுக்கக் கணினி மாதிரியில் ஓடுகிறது. பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்குப் போடுகிறது. 2025 மே மாதம் வந்த பாரத் முன்னறிவிப்பு அமைப்பில் ஒரு கட்டம் 6 கிலோமீட்டர். அதற்கு முன்பு 12 கிலோமீட்டர். உங்கள் தோப்புக்கு மேல் திரளும் இடிமேகத்தின் நடுப்பகுதி அதைவிடச் சின்னதாகக்கூட இருக்கும். கட்டத்துக்குள் அகப்படாததைக் கணினி தானாகக் கண்டுபிடிக்காது. இவ்வளவு வெப்பமும் ஈரமும் இருந்தால் காற்று இவ்வளவு ஏறும் என்று நாம்தான் விதி எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த விதி சரியா என்று சோதிக்க அளவு வேண்டும். அதுவும் நம் ஊர் வெயிலிலும் நம் பருவமழையிலும் எடுத்த அளவு. ஐரோப்பாவின் மேகத்தை அளந்து எழுதிய விதி இங்கே அப்படியே பொருந்தாது. 2021 நவம்பரில் திருப்பதி ஊருக்குள்ளும் திருமலைப் பாதையிலும் வெள்ளம் பாய்ந்தது நினைவிருக்கும். அப்படி ஒரு மழையை எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டிச் சொல்லும் நாள் வர வேண்டுமென்றால், அதற்கான பாதை இந்த மாதிரி அளவுகள் வழியாகத்தான் போகும். பயன் உண்டு, நேராக வராது, சீக்கிரமும் வராது. அதை மறைக்க விரும்பவில்லை.

இடத்தை ஏன் இங்கே தேர்ந்தெடுத்தார்கள் என்றும் சொல்கிறேன். சுற்றி மலைகள் இருப்பதால் ரேடியோ இரைச்சல் குறைவு. அதைவிட முக்கியம், நாம் வெப்ப மண்டலத்தில் இருக்கிறோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் தலைக்கு மேல் சுமார் 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றாறு மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது. கீழே நமக்குத் தென்மேற்குக் காற்று அடிக்கும்போதே மேலே அதற்கு எதிர்த்திசையில் இது ஓடும். 1950களில் இதை விளக்கிச் சொன்னவர் பி. கோட்டேஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர். அவர் பிற்பாடு வானிலைத் துறையின் தலைவராகவும் இருந்தார். அந்தக் காற்றாற்றைக் காதங்கி ரேடார் நாள் முழுக்க, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளக்க முடியும்.

அங்கே ரேடார் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ரேடாருக்கு ஒரு குருட்டு இடம் உண்டு. 25 கிலோமீட்டருக்கு மேல் எதிரொலி மங்கிவிடும், பிறகு 60 கிலோமீட்டருக்கு மேல்தான், அதுவும் பகலில்தான், மறுபடி வரும். நடுவில் இருக்கும் உயரத்தைப் பிடிக்க லைடார் வைத்திருக்கிறார்கள். இரவில் பச்சை நிற லேசர் ஒளியை மேலே அனுப்பி, சிதறித் திரும்பும் ஒளியை எண்ணி வெப்பநிலையைக் கணக்கிடுவார்கள். சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலத்தில், அதாவது மின்னேற்றம் பெற்ற துகள்கள் நிறைந்த மேல்பகுதியில், எழும் குமிழிகளை (துகள்கள் குறைந்த இடங்களை) தனியாகக் கவனிக்கிறார்கள். செயற்கைக்கோளிலிருந்து வரும் ஜி.பி.எஸ். சிக்னல் சில இரவுகளில் தடுமாறுவதற்கு அந்தக் குமிழிகளும் காரணம். அவை எழுவது காந்த நடுக்கோட்டின் மேல், அதாவது பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கும் கோட்டின் மேல். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் 1963இல் கேரளத்தில் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட்டை விட்டார்கள். காதங்கி அந்தக் கோட்டுக்குச் சற்று வடக்கே இருப்பதால், குமிழி எழும்பி வளர்ந்த பிறகு எப்படி இருக்கிறது என்று பார்க்க வசதி. அப்புறம், 2014 முதல் சில ஆண்டுகள் நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து இங்கிருந்து பருவமழைக் காலத்தில் பலூன்களை விட்டன. ஆசியாவின் தூசியும் புகையும் பருவமழை மேகங்களோடு ஏறி 13 முதல் 18 கிலோமீட்டர் உயரத்தில் ஓர் அடுக்காகத் தங்குவது செயற்கைக்கோளில் தெரிந்திருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்க்கத்தான் அந்தப் பலூன்கள்.

இனி செலவுக்கு வருவோம். இதை ஏன் அரசு செய்ய வேண்டும்? 1982 முதல் 1989 வரை இந்திய இடைநிலை வளிமண்டலத் திட்டம் என்று ஒன்று நடந்தது. எம்.எஸ்.டி. ரேடார் வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் உருவானது. ஒரு துறையால் மட்டும் முடியாது என்பதால் மத்திய அரசின் பல துறைகள் பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டன, விண்வெளித் துறை பொறுப்பேற்று நடத்தியது. 1992இல் தேசிய எம்.எஸ்.டி. ரேடார் மையம் என்று தொடங்கினார்கள். 2005இல்தான் இப்போதைய பெயர். இன்றும் விண்வெளித் துறையின் பணத்தில் நடக்கும் தன்னாட்சி நிறுவனம் அது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே இடத்தில் வைத்து அளந்த கணக்கு இருக்கிறதே, அதற்கு விலை சொல்ல முடியாது. லாபம் பார்க்கும் எந்தக் கம்பெனியும் முப்பது வருடம் காற்றை அளந்துகொண்டிருக்காது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அவர்கள் வேலை அது கிடையாது.

இப்படிப் பொறுமையாக அளப்பதால் என்ன வரும் என்பதற்கு ஓசோன் ஓட்டையை விடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது. பிரிட்டன் அரசின் அன்டார்க்டிகா ஆய்வு அமைப்பு ஹாலி என்ற நிலையத்தில் 1950களின் பிற்பாதியிலிருந்து ஓசோனை அளந்துவந்தது. பல ஆண்டுகள் குறிப்பேட்டில் எண்களை எழுதியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. 1985இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் என்ற மூன்று பேர் அந்த எண்களை வைத்துத்தான் ஓட்டையை உலகத்துக்குச் சொன்னார்கள். இரண்டே ஆண்டுகளில், 1987இல், ஓசோனை அழிக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. நடுவில் யாராவது "இதனால் என்ன பயன்" என்று கேட்டு அந்தக் கருவியை மூடியிருந்தால் நாம் எல்லோரும் அதன் விலையைக் கொடுத்திருப்போம்.

நம் நாட்டில் அடிப்படை ஆராய்ச்சிக்கு இரண்டு வழியாகப் பணம் போகிறது. ஒன்று, அரசே நடத்தும் ஆய்வகங்கள். காதங்கி அப்படி. வாணியம்பாடியிலிருந்து ஜவ்வாது மலையில் ஏறினால் வரும் காவலூர் வானாய்வகமும் அப்படித்தான், அது அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் வருகிறது. இரண்டாவது, பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் இருக்கும் ஆசிரியர்கள் விண்ணப்பித்து வாங்கும் நிதி. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் அதைக் கொடுத்துவந்தது. 2023இல் நாடாளுமன்றம் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனச் சட்டத்தை நிறைவேற்றியது. 2024 பிப்ரவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் பழைய வாரியம் இதற்குள் கலந்துவிட்டது. பிரதமர்தான் இதன் ஆட்சிக் குழுத் தலைவர்.

ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அதில் 14,000 கோடி அரசு கொடுக்கும், மீதி 36,000 கோடி தொழில் நிறுவனங்கள், நன்கொடையாளர்கள் முதலியோரிடமிருந்து வரும் என்பது திட்டம். எனக்கு இதில் கவலை உண்டு. தனியார் பணம் வந்தால் நல்லதுதான். ஆனால் பேட்டரிக்கும் மருந்துக்கும் வரும் பணம் மேல்காற்றை அளப்பதற்கு வராது. நாடு ஆராய்ச்சிக்கு மொத்தமாகச் செலவிடுவதே உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான். அதில் உடனடிப் பயன் தெரியாத பக்கத்துக்குப் போகும் பங்கை அரசு குறைத்தால் அந்த இடத்தை நிரப்ப வேறு யாரும் இல்லை. இன்னொரு கவலை, பெரிய நகரத்து நிறுவனங்களே விண்ணப்பம் எழுதும் வித்தை தெரிந்தவையாக இருப்பது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தனியாக ஒதுக்கிய திட்டங்கள் பழைய வாரியத்தில் இருந்தன. கல்லூரி ஆசிரியர் ஒருவர் தன் வேலையை விடாமலே பக்கத்து ஐ.ஐ.டி. போன்ற இடத்தில் பகுதிநேர ஆராய்ச்சி செய்யவும் ஒரு திட்டம் இருந்தது. நம் பக்கத்துக் கல்லூரிகளுக்கு உயிர் கொடுப்பவை இப்படிப்பட்ட திட்டங்கள்தான். புதிய அமைப்பு இவற்றைக் கைவிடக் கூடாது.

இனி உங்கள் மகளின் விஷயம். வழி உண்டு, நன்றாகவே உண்டு. எம்.எஸ்சி. இயற்பியல் போதும். நெட் அல்லது கேட் தேர்வில் தேறியிருக்க வேண்டும், பிறகு அவர்கள் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விளம்பரம் செய்யும்போது விண்ணப்பித்து நேர்காணலுக்குப் போக வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து மத்திய அரசின் இந்த உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. வீட்டு வாடகைப் படி தனி. முனைவர் பட்டத்தை ஏதாவது பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொண்டு ஆராய்ச்சியை ஆய்வகத்தில் செய்வார்கள். மொழியை நினைத்து அவள் தயங்க வேண்டாம், வேலை முழுக்க ஆங்கிலத்தில்தான். அதுவும் சித்தூரில் வளர்ந்த பெண்ணுக்குத் தெலுங்கு ஒரு பிரச்சினையே இல்லை.

எந்தப் பாடத்தைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டால், மின்காந்தவியல், ஃபூரியே பகுப்பாய்வு, பாய்ம இயக்கவியல் இந்த மூன்றும். பைதான் எழுதத் தெரிந்திருந்தால் முதல் நாளிலிருந்தே வேலைக்கு உதவும். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டை வளிமண்டலத் தரவு ஏதாவதொன்றை வைத்துச் செய்யச் சொல்லுங்கள். காதங்கி ஆய்வகம் தன் அளவுகளை ஆராய்ச்சியாளர்களுக்குக் கேட்டால் கொடுக்கிறது. வழிகாட்டும் ஆசிரியர் பெயரில் விண்ணப்பித்தால் வேலூரில் உட்கார்ந்தபடியே ஒரு மழைக்காலத்தின் காற்றை எடுத்துப் பார்க்கலாம். திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு இந்த ரேடாரோடு நீண்டகாலத் தொடர்பு உண்டு. அங்கே ஆராய்ச்சி மாணவர்களைச் சந்தித்துப் பேசினால், விளம்பரத்தில் இல்லாத விவரமெல்லாம் தெரியவரும். காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகப் போகும் ரயிலில் ஏறினால் ஒரே நாளில் போய் வந்துவிடலாம். நெட் விண்ணப்பம் வருடத்துக்கு இரண்டு தடவை வரும், அடுத்த அறிவிப்பைத் தவறவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.